வேகவைத்த வளையங்கள்

மார்ச் 3, ஞாயிறு

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டு ஆரம்பித்தால் பொய் மாதிரி இருக்கிறது. போடாவிட்டால் சண்டை மாதிரி இருக்கிறது. மூன்று தாள் கிழித்தாயிற்று. அதனால் வெறும் அண்ணிக்கு.

போன் செய்யலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் ஒன்று நான் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டுக்கும் இப்போது தெம்பு இல்லை. அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். “சக்கரமெல்லாம் அவ டிபார்ட்மென்ட், அவகிட்டயே கேளு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். டயர் கடை உங்களுடையது, அவன் அதில் வெறும் கணக்கப்பிள்ளை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய காரின் இரும்பு ரிம் நாலும் துருப்பிடித்து, ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த அளவில் புது ரிம்மும் இப்போது வருவதில்லையாம். நான் அண்ணனிடம் புலம்பியது உங்கள் காதில் விழுந்து, போன மாதம் பார்சல் வண்டியில் நாலு அலாய் சக்கரம் வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்தபோது ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்கு நன்றி. இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன், நம்புங்கள்.

ஆனால் வண்டி நடுங்குகிறது. தெருமுனை மெக்கானிக்தான் மாட்டினார். “வேற கம்பெனி சக்கரமா இருந்தா என்ன, ஓட்டை நாலும் டாண்ணு உக்காருது பாருங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் உதறுகிறது. அவரிடம் திரும்பப் போனேன். “ஒட்டுப்போட்ட வண்டி, அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும்” என்கிறார். எனக்குப் பழகவில்லை. பாப்பாவுக்கு மாவுக்கட்டுப் போட ஒவ்வொரு வியாழனும் எழுபது கிலோமீட்டர் போய், எழுபது வர வேண்டும். நாலு கட்டு ஆயிற்று, இன்னும் இரண்டு. இடையில் ஒரு வாரம் விட்டால் திரும்பின கால் மறுபடி பழைய இடத்துக்கே போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பாப்பாவின் அப்பா கப்பல் வேலையில் இருக்கிறார், ஜூனில்தான் வருவார். பின் சீட்டில் தொடை வரைக்கும் கட்டோடு குழந்தை, முன்னால் உதறுகிற ஸ்டியரிங்கோடு நான். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

சக்கரத்தோடு பிஸ்கட் டப்பா ஒன்று அனுப்பியிருந்தீர்கள். பாப்பாவுக்கு நாலு வெள்ளை வளையம். பல் முளைக்கிற ஈறு அரிப்புக்கு நல்ல யோசனை. வேகவைத்துத்தான் கொடுத்தேன். கடைப் பொம்மை எதையும் சீண்டாதவள் இதை மட்டும் வாயிலிருந்து எடுப்பதே இல்லை. கூட ஒரு துணிப்பையில் நட்டுகள் இருந்தன. “பழசே நல்லா இருக்கு” என்று மெக்கானிக் சொன்னதால் பையை டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

கோபம் போய்விட்டதா என்று நினைப்பீர்கள். போகவில்லை. பிறந்து மூன்று நாளான குழந்தையின் வலது கால் உள்பக்கமாக மடிந்திருப்பதைப் பார்த்து நான் மூச்சுவிடாமல் படுத்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “ஒண்ணுமில்ல, அலைன்மெண்ட் பண்ணிட்டா சரியாயிடும்” என்றீர்கள். ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்வதுபோல. “இது ஒர்க்‌ஷாப் இல்ல, வெளிய போங்க” என்று நான் சொன்னதும் மரியாதை இல்லைதான். அது எனக்குத் தெரியும்.

நடுக்கத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். நான் படித்தவள் என்று ‘காலேஜ்’ என்று கூப்பிடுவீர்களே, அந்தக் கிண்டல் வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 5

காலேஜுக்கு,

முதல்ல பாப்பா வாயில இருந்து அதை எடு.

அது பல்லு வளையம் இல்ல. சக்கரத்து வளையம். அலாய்க்கும் உன் வண்டிக்கும் நடுவுல மாட்ட வேண்டியது. அதை நீ வேகவச்சு அவளுக்குக் கடிக்கக் குடுத்திருக்க. பாதிக் கடிதம் படிச்சதும் நான் போட்ட சத்தத்துல, ஸ்டாக் எண்ணிக்கிட்டிருந்த உன் அண்ணன் ஸ்பேனரைக் கால்ல போட்டுக்கிட்டார். நல்ல சுத்தமான நைலான்தான், விஷம் கிஷம் கிடையாது, பயப்படாத. நீ பயப்பட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டே, அதனால இதை முதல்லயே எழுதுறேன்.

உனக்குப் போன் போட்டு வண்டியை எடுக்காதேன்னு மட்டும் சொல்லச் சொன்னேன். சொன்னாரா? அவர் எப்படிச் சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். நான் பேசியிருக்கலாம். போனைக் கையில எடுத்தேன், வச்சுட்டேன். உனக்கு இருக்கிற அதே வியாதிதான்.

அந்தப் பழைய நட்டுல இனி ஒரு தெரு கூடப் போகாத. ஏன், எப்படி மாட்டணும்னு எல்லாம் விவரமா எழுதி டப்பாக்குள்ளயே வச்சேனே. அடியில ஒரு அட்டை வெட்டிப் போட்டிருக்கேன் பாரு, வளையம் உருளாம இருக்க. அட்டைக்குக் கீழ கடுதாசி.

மூணு வாரமா தினமும் பார்சல் வண்டி வர்ற நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அதைப் படிச்சும் ஒரு வரி எழுத மனசு வரலையேன்னு நெனச்சேன். நீ படிக்கவே இல்லன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொன்னா சிரிப்பே.

அட்டையைத் தூக்கிப் பாரு.

அண்ணி


(டப்பாவில் அட்டைக்குக் கீழே இருந்தது)

பிப்ரவரி 10

காலேஜுக்கு,

எனக்கு எழுத்து வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன். தப்பு இருந்தா சிவப்புப் பேனாவுல சுழிச்சு வச்சுக்கோ, நேர்ல பார்க்கும்போது மார்க் போடு.

சக்கரம் நாலும் பின்பக்கம் இடிபட்ட வேற கம்பெனி வண்டியோடது. சக்கரத்துக்கு ஒரு அடியும் இல்ல, நானே மெஷின்ல சுத்த விட்டுப் பார்த்துட்டேன். நாலு ஓட்டையும் உன் வண்டிக்குச் சேரும். அதைப் பார்த்து யாரும் ஏமாந்துடக் கூடாது. நடுத் துவாரம் சேராது. உன் வண்டியில சக்கரம் வந்து உக்கார்ற நடுக்குமிழ் இருக்கே, அதான் ஹப்பு, அது ஐம்பத்து நாலு மில்லி. அலாயோட துவாரம் அறுபது. சுத்தி மூணு மில்லி வெறும் காத்து. வளையம் இல்லாம மாட்டினா சக்கரம் ஹப்புல உக்காராது, நட்டுல தொங்கும். வேகம் போனா நடுங்கும். அதுக்குத்தான் லேத்துக்காரர்கிட்ட நின்னு நாலு நைலான் வளையம் கடைஞ்சு வாங்கினேன். சக்கரத்தோட முதுகுப் பக்கமா வளையத்தை அழுத்து, டப்புன்னு உக்காரும். அப்புறம் ஹப்புல ஏத்து.

நட்டும் பழசு ஆகாது. பழைய இரும்பு ரிம்முக்கு நட்டோட வாய் உருண்டையா இருக்கும். அலாய் கேட்கிறது கூம்பு. உருண்டையைக் கூம்புல போட்டா ஓரத்துல மட்டும் தொடும், ஓட ஓட நழுவும். பையில பதினாறு கூம்பு நட்டு இருக்கு. முதல்ல நாலையும் கையால ஏத்து. அப்புறம் எதிர் எதிரா முறுக்கு, பக்கத்துப் பக்கத்துல வேணாம். கடைசி முறுக்கு வண்டி தரையில இறங்கின பிறகு.

முக்கியமானது ஒண்ணு. முறுக்கியாச்சுன்னு விட்டுடாத. எண்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் திரும்பத் தொட்டுப் பாரு. புதுச் சக்கரம் ஓடின பிறகுதான் தன் இடத்துல உக்காரும், அப்ப முறுக்கு கொஞ்சம் விட்டிருக்கும். எங்க கடைக்கு வர்ற எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். பாதிப் பேர் வர மாட்டாங்க.

வண்டி விஷயம் அவ்வளவுதான். இனி நான் எழுத வந்தது.

எங்க கடையில ரிம் வளைஞ்சு வந்தா “போச்சு, மாத்திடுங்க”ம்போம். டயர் வெடிச்சா “தூக்கிப் போடுங்க”ம்போம். அலைன்மெண்ட்னு சொல்றது நல்ல சக்கரத்தை மட்டும்தான். சக்கரத்துல ஒரு குறையும் இருக்காது, பார்க்கிற திசை மட்டும் கொஞ்சம் உள்ள வாங்கியிருக்கும். ஒரே நாள்ல பிடிச்சு இழுக்கவும் மாட்டோம். கொஞ்சம் திருப்பி, ஓட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம். அன்னிக்குப் பாப்பா காலைப் பார்த்தேன். அஞ்சு விரலும் அழகா இருந்துச்சு. நல்ல காலு இதுன்னு உன்கிட்டச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்தை அது ஒண்ணுதான், அதான் வந்துச்சு. உன் முகம் மாறினதும் புரிஞ்சுபோச்சு, ஆனா வாயில இருந்து போனதைப் பிடிக்க முடியுமா.

ஊருக்கெல்லாம் எண்பது கிலோமீட்டர் கழிச்சுத் தொட்டுப் பாருன்னு சொல்றவ, நான் அந்த வார்த்தையைப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். மறுநாள் திரும்பி வந்து பார்த்திருக்கணும். நீ கத்தியிருப்பே, கத்தட்டும்னு நின்னிருக்கணும். வரல. தப்பு என்னோடது.

பாப்பாவை ஒரு தடவை தூக்கணும்னு ஆசையா இருக்கு. நீ கூப்பிட்டா.

அண்ணி


மார்ச் 10, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை தாள் கிழிக்கவில்லை.

அண்ணன் போன் செய்தான். முழுப் பேச்சையும் எழுதுகிறேன்: “வண்டிய எடுக்காதயாம். பாப்பா வாயில இருக்கிறத எடுக்கணுமாம். மிச்சம் கடுதாசில வருதாம்.” வைத்துவிட்டான். பாப்பா வாயில் என்ன இருக்கிறது, யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் கிடையாது. அன்று முழுக்க அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பல் இருந்தது.

வியாழக்கிழமை பஸ்ஸில் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். கட்டுப் போட்ட கால் நீட்டியபடியே இருப்பதால் ஏறுகிறவர்கள் எல்லார்மேலும் இடிக்கும். ஒருவர் விடாமல் “என்னாச்சு, விழுந்துட்டாளா?” என்று கேட்டார்கள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் காரை விட்டு இறங்குவதில்லை. அன்று ஏழெட்டுப் பேருக்குப் பதில் சொன்ன பிறகு பயம் சலித்துப்போய்விட்டது. ஐந்தாவது கட்டும் போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. டப்பாவைக் கவிழ்த்து அட்டையை எடுத்தேன். அண்ணி, முதலில் வளையத்தைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். அப்புறம் மிச்சத்தைப் படித்தேன். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

மெக்கானிக்கிடம் வளையங்களை எடுத்துக்கொண்டு போனேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “இந்த பிளாஸ்டிக்கெல்லாம் எதுக்கும்மா, புள்ளைக்கே குடுங்க” என்றார். நானும் அதைத்தான் செய்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. சனிக்கிழமை காலை மாடி வீட்டுத் தையல்காரம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒரு கையில் உங்கள் கடிதம், ஒரு கையில் ஸ்பேனர் என்று கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நானே உட்கார்ந்தேன். “காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டார் தையல்காரம்மா. இல்லை, அண்ணி எழுதியிருக்கிறார் என்றேன்.

இப்போது எழுதப்போவதைப் படித்துப் பதற வேண்டாம். முன்பக்க இடது சக்கரத்தில் ஸ்பேனரை வைக்கிறேன், நட்டு தானாகத் திரும்புகிறது. விரலால் திருப்பினேன், வந்துவிட்டது. நாலில் இரண்டு அப்படி. அதே இடது பக்கத்தில், பின் சீட்டில்தான் பாப்பாவின் இருக்கை. அந்த நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். “முடியலைன்னா விடும்மா, யாரையாவது கூப்பிடலாம்” என்றார் தையல்காரம்மா. கூப்பிட வேண்டிய ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் அந்த வாரம் அண்ணனை அதட்டிப் போன் செய்ய வைக்காமல் இருந்திருந்தால் வியாழக்கிழமை நான் அந்த நட்டோடு எழுபது கிலோமீட்டர் போயிருப்பேன். அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

எனக்கு நன்றி சொல்லத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாருங்கள், வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று உங்களை வெளியே போகச் சொன்ன பிறகு ஆறு மாதம் அவள் காலுக்கு உறை மாட்டியே வைத்திருந்தேன். வெயிலிலும். வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களும் ஒரு வார்த்தை சொல்வார்களே என்று பயம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. “பிறந்ததும் வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார். சரியாகும் என்று முதல் முதலில் சொன்ன ஆள் நீங்கள். உங்களைத்தான் நான் துரத்தினேன்.

இப்போது பிரச்சினை. வளையம் மூன்றுதான் இருக்கிறது. கட்டிலடி, சோபா இடுக்கு, துணிக்கூடை, பாத்திரக் கூடை எல்லாம் பார்த்துவிட்டேன். நாலாவது எங்கே என்று பாப்பாவுக்குத்தான் தெரியும், அவள் சொல்ல மாட்டாள். பதினாலாம் தேதி ஆறாவது கட்டு, அதுதான் கடைசி. மூன்று வளையத்தோடு போகலாமா? இல்லை, பஸ்ஸா? எதைச் சொன்னாலும் கேட்பேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

காலேஜுக்கு,

நட்டு விஷயத்தைப் படிச்சுட்டுக் கடையில நின்ன வண்டியோட நட்டையெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப முறுக்கிப் பார்த்தேன். அலைன்மெண்டுக்கு வந்த வண்டிக்காரர், “என்னம்மா, என் வண்டி அவ்வளவு மோசமா?”ன்னு கேட்டுட்டார்.

லேத்துக்காரர் மக வீட்டுக்குப் போயிருக்கார், வர பத்து நாள் ஆகும். வேற ஆள்கிட்டக் கடைய எனக்கு மனசு ஒப்பல, கால் மில்லி கூடினாலும் ஏறாது. நீ போகலாம். கவனமாக் கேட்டுக்கோ. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் வளையம் கட்டாயம். மூணாவது பின்னாடி இடதுக்கு, அவ உக்கார்ற பக்கம். வளையம் இல்லாத சக்கரம் பின்னாடி வலது. அதைத் தூக்கி வச்ச நிலையிலயே கூம்பு நட்டை எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா, சக்கரத்தைச் சுத்திச் சுத்தி இறுக்கு. கூம்பே அதை நடுவுக்கு இழுத்துக்கும். ஐம்பதுக்கு மேல போகாத. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல எழுபது ஆயிருக்கும், பத்து குறைஞ்சா பரவாயில்ல, இறங்கினதும் பதினாறையும் தொட்டுப் பாரு.

ஆறு மாசம் உறை போட்டு வச்சதை எழுதியிருந்தே. அதைப் படிச்சு உன்னைத் திட்டுவேன்னு எதிர்பார்த்தியா? எங்க கடைக்கு ஒருத்தர் வருவார். வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு அவருக்கே தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வருஷம் ஸ்டியரிங்கை எதிர்ப் பக்கம் பிடிச்சுக்கிட்டே ஓட்டினார். ஏன்னு கேட்டேன். “காட்டினா பெருசா ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு”ன்னார். வந்தாரே, அது போதும். நீயும் வந்துட்டே.

அந்தப் பழைய நட்டு ரெண்டையும் தூக்கிப் போட்டுடு. நீ அதை மேசையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பே, உன்னை எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் இந்தக் கடுதாசியை எட்டிப் பார்த்துட்டு, “உங்களுக்குள்ள போன் பில்லே இல்லாம பேசிக்கிறீங்க”ன்னு கிண்டல் பண்றார். அவர் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதைக் கொண்டாடணும்.

போய்ட்டு வந்து ஒரு வரி போடு. ஒரு வரி போதும். நான் காத்துக்கிட்டிருப்பேன்.

அண்ணி


மார்ச் 14, வியாழன்

அண்ணி,

போனோம், வந்தோம். ஐம்பதைத் தாண்டவில்லை. நாற்பத்தெட்டில் ஒரு லாரிக்காரர் என்னைக் கடந்துபோகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்டியரிங் நடுங்கவில்லை, அண்ணி. பாதி வழியில் பாப்பா தூங்கியே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் பதினாறு நட்டையும் தொட்டுப் பார்த்தேன், மூன்று கொஞ்சம் ஏறியது. காவலாளி டார்ச் அடித்துக் காட்டினார், பட்டப்பகலில்.

கடைசிக் கட்டு. மூன்று வாரம் இருக்கும். பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மேசையிலிருந்துதான்.


ஏப்ரல் 5, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று கட்டைப் பிரித்தார்கள்.

கட்டு அறை உங்கள் கடை மாதிரிதான் இருக்கும். வாளியில் தண்ணீர், சுவரெல்லாம் வெள்ளைத் தெறிப்பு, ஆணியில் கத்தரிகள். கட்டுப் போடுகிறவர் பெரிய மீசைக்காரர், அதிகம் பேச மாட்டார். முதல் கட்டிலிருந்தே பாப்பா அவரைப் பார்த்ததும் கத்துவாள். நேற்றும் ஆரம்பித்தாள். அவர் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதை வாயில் வைத்துக்கொண்டாள்.

நாலாவது வளையம்.

ஒரு மாதம் முன்பு, பஸ்ஸில் போனோமே, அன்று இங்கே போட்டுவிட்டிருக்கிறாள். “இது இல்லாம இவ என்கிட்ட உக்கார மாட்டாள்னு தெரியும், கழுவி மாட்டி வச்சேன்” என்றார். போன தடவை அவர் விடுப்பில் இருந்தாராம். அது என்ன என்று அவருக்குச் சொன்னேன். கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா கடைஞ்சிருக்காங்க” என்றார். லேத்துக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

காலைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதுகிறேன். கத்தரி கணுக்கால் வரை வந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். கட்டு விழுந்தது. தோல் வாடி, மெலிந்து, இரண்டு காலில் ஒன்று தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் நேராக இருக்கிறது, அண்ணி. பாதம் முன்னால் பார்க்கிறது. டாக்டர் மடக்கிப் பார்த்தார், அளந்தார், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு தாளில் எழுதிக்கொண்டே, “அலைன்மெண்ட் நல்லா வந்திருக்கு” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஏழு மாதம் வெறுத்த வார்த்தை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அதை முதலில் எனக்குச் சொன்னவர் ஒரு டயர் கடைக்காரர் என்று அவரிடம் சொன்னேன். “சரியாத்தான் சொல்லியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

பாப்பா வளையத்தைக் கீழே போட்டுவிட்டாள். புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறதே. தன் காலை இழுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். வீடு வரும் வரைக்கும் அதுதான்.

வேலை முடியவில்லை. இரண்டு காலுக்கும் நடுவில் கம்பி வைத்த பூட்ஸ் போட வேண்டும், முதலில் நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும், சில வருடம். மாதா மாதம் காட்ட வேண்டும். “சரியாயிடுச்சுன்னு விட்டுட்டீங்கன்னா திரும்பிடும். திரும்பத் திரும்பப் பார்க்கணும்” என்றார் டாக்டர். இதை நான் ஏற்கெனவே ஒரு பிஸ்கட் டப்பாவில் படித்திருக்கிறேன்.

இன்று காலை நாலாவது வளையத்தைப் பின்பக்க வலது சக்கரத்தில் மாட்டினேன். ஓரத்தில் இரண்டு சின்னப் பல் பதிந்திருக்கிறது. டப்பென்று உட்கார்ந்தது. மெக்கானிக் டீக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, “அந்த வளையம் எங்கம்மா கிடைக்கும், இன்னொரு வண்டிக்கு வேணும்” என்றார். உங்கள் கடை முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அறுபது, எழுபது, எண்பது வரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பதே தெரியவில்லை.

கூப்பிட்டால் வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் கூப்பிடப்போவதில்லை. திரும்பி வர வேண்டியது நீங்கள் மட்டும் இல்லையே, துரத்தியவளும்தானே. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாப்பாவோடு கிளம்புகிறேன். முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். அண்ணனிடம் சொல்ல வேண்டாம், வாசலில் வண்டியைப் பார்த்து அவன் எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று எண்ண வேண்டும்.

எண்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பாப்பாவை நீங்கள் தூக்கிப் பாருங்கள்.

உங்கள்
காலேஜ்